தவணையை ஒழுங்காகக் கட்டு

மன்னார்குடி

அன்புள்ள சரவணனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். மோட்டார் சரியாகிவிட்டது, 1,800 ரூபாய் ஆயிற்று. வீட்டுக் கடன் தவணையை ஒழுங்காகக் கட்டுகிறாயா? போனில் கேட்டால் "ம்" என்கிறாய்.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்குக் கவிதா பேசினாள். பின்னால் குக்கர் சத்தம். லீவாம்மா என்றேன், பாப்பா நிற்கிறாள் என்று பேச்சை மாற்றிவிட்டாள். பிரசவ விடுப்பு 26 வாரம். பாப்பாவுக்குப் பத்து மாதம் ஆகிறது. அவளாக வேலையை விட்டாளா, நீ விடச் சொன்னாயா என்றெல்லாம் நான் கேட்கவில்லை. தவணையை மட்டும் விட்டுவிடாதே.

உன் கல்யாணத்தின்போது அரசாங்கத் திருமண உதவி பத்தாவது படித்த பெண்ணுக்கு 25,000, பட்டதாரிக்கு 50,000. கவிதாவுக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு 8 கிராம் தங்கமும் கிடைத்தன. எம்.எஸ்சி. கணக்கு மருமகள் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அப்புறம் நீ வேலையை விட்டுவிட்டு எட்டு மாதம் வேறு தேடினாயே, தவணை யார் சம்பளத்தில் போனது? அந்தத் தைரியத்தில்தானே நல்ல இடம் வரும்வரை காத்திருந்தாய்?

நான் மட்டும் என்ன யோக்கியம். அக்கவுண்ட் டெஸ்டில் இரண்டு தடவை தோற்றவன் நான். உன் அம்மா ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு விதியாக விளங்க வைத்தாள், பாஸானேன், பதவி உயர்வு வந்தது. 1997இல் அவளுக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து இன்டர்வியூ கார்டு வந்தது. டீச்சர் டிரெயினிங் முடித்துப் பதிந்து பத்து வருஷம் காத்திருந்த கார்டு. அப்பத்தா படுக்கையில், உனக்கு ஆறு வயசு, எந்த ஊரில் போடுவார்களோ என்று பயம். அவள் என்னைவிட அதிகம் வாங்கிவிடுவாளோ என்றும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். கார்டை அந்த டெஸ்ட் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். "என் சீனியாரிட்டி இன்னும் வரலையா?" என்று அவள் இரண்டு வருஷம் கேட்டாள். வரவில்லை என்றேன். உன் காலேஜ் ஃபீஸுக்கு வளையலைக் கழற்றித் தந்த அன்றும் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் அவளோடு டிரெயினிங் படித்தவர் வந்திருந்தார். தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றுப் பென்ஷன் வாங்குகிறார். அம்மா காபி போட்டுக் கொடுத்துவிட்டு வெகு நேரம் அடுப்படியிலேயே நின்றாள்.

புத்தகம் பரணில்தான் இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழிக்க வேண்டும் என்கிறாள். அதற்குள் நானே எடுத்து அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். நீ இரண்டு நாள் முன்னதாக வந்தால் நல்லது. கவிதாவையும் கூட்டி வா.

அப்பா