ஜெட்டி கேட்கிறோம், சரி. படகை எப்படிக் கட்டப்போகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொண்டியிலிருந்து கோட்டைப்பட்டினம் வரை ஏதாவது ஒரு ஊரில் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டும் கல் தடுப்பு) வேண்டும், மீன் இறங்குதளம் வேண்டும், ஜெட்டியை, அதாவது படகு அணையும் மேடையை, நீட்ட வேண்டும் என்று மனுக் கொடுத்த செய்தி தங்கள் நாளிதழில் அடிக்கடி வருகிறது. கேட்பதில் தப்பே இல்லை, கிடைத்தால் நல்லது. ஆனால் அந்த ஜெட்டியில் எந்தப் படகு எங்கே நிற்கும், எதைக் கொண்டு கட்டும், அறுந்து போய்ப் பக்கத்துப் படகை உடைத்தால் யார் பொறுப்பு என்று கேட்டு ஒரு மனுவும் நான் படித்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தேவகோட்டையில் கயிறு, சங்கிலி, இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் கிணற்றுக் கயிறும் வண்டிக் கயிறும்தான் வியாபாரம். இப்போது பாதி வியாபாரம் திருவாடானைக்கு அந்தப் பக்கம் உள்ள கடற்கரைக்காரர்களோடு: தொண்டி, நம்புதாளை, சோளியக்குடி, சில சமயம் ஜெகதாப்பட்டினம். கயிறு விற்கிறவன் கயிறு வாங்கச் சொல்லித்தானே எழுதுவான் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். விதி வந்தால் எனக்கு நாலு காசு கூடக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அறுந்த கயிற்றைத் தூக்கிக்கொண்டு முதலில் என் கடைக்குத்தான் வருகிறார்கள்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வேண்டாம். நம் வீட்டுத் தூண்களுக்கான தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. காரைக்குடி மெஸ்களில் நண்டு மசாலாவுக்கு இலை போட்டு உட்காருகிறவர்கள் சாப்பிடும் நண்டு பாக் நீரிணையிலிருந்தும் வருகிறது. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறைகூடக் காரைக்குடியில் இல்லை, தொண்டியில்தான் இருக்கிறது.

அந்தக் கடலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆழமே கிடையாது. நீர் வற்றினால் படகுகள் சேற்றில் சாய்ந்து உட்கார்ந்துவிடும். அதனால் கரையை ஒட்டிக் கட்ட முடியாமல், தள்ளி நங்கூரம் போட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் டீசல் கேனையும் மீன் கூடையையும் சுமந்துகொண்டு நடக்கிறார்கள். சோளகம் என்கிற தென்காற்றுக் காலத்தில் இது பரவாயில்லை, கடல் தட்டு மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எழும்பிவிட்டால் அந்த ஆழமில்லாத தண்ணீரே எதிரி. அலை குட்டையாக, அடுத்தடுத்து வரும். படகு தலையைத் தூக்கித் தூக்கிப் போடும், ஒவ்வொரு தூக்கலுக்கும் கயிறு ஒருமுறை வெடுக்கென்று இழுபடும்.

ஒரு கார்த்திகைக் காலையில் வாடிக்கையாளர் ஒருவர், சம்மாட்டி (படகு முதலாளி), பைபர் படகின் கட்டுக்கயிற்றைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். ராத்திரி அறுந்து, படகு போய் இன்னொருவருடைய வல்லத்தில் (மரத்தாலான நாட்டுப்படகில்) மோதி, வல்லத்தின் பக்கப் பலகை பிளந்துவிட்டது. கயிறு பச்சை நிறப் பாலிபுரோப்பிலின், எல்லாரும் வாங்குவது. மேசை மேல் வைத்து முறுக்கைப் பிரித்தேன். வெளிப்புரி வெயிலில் செத்து, தொட்டதும் தூளாக உதிர்ந்தது. அறுந்தது சரியாக அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உரசுகிற இடம். புரிகளுக்கு நடுவே மணல். ஒரு முழம் பழைய டயர்த் துண்டோ ஹோஸ் குழாயோ அந்த உரசும் இடத்தில் மாட்டியிருந்தால் அந்த வாடையைத் தாண்டியிருக்கும்.

விஷயம் ஊர்க்கூட்டத்துக்குப் போனது. கயிறு நல்லதா கெட்டதா என்று யாரும் கேட்கவில்லையாம். எப்படிக் கேட்பார்கள்? எது நல்ல கட்டு என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லையே. படகுக்காரர் “காத்து செஞ்ச வேலை” என்றாராம். வல்லத்துக்காரர் “நீ கட்டின லட்சணம்” என்றாராம். இரண்டும் உண்மைதான். கடைசியில் சத்தம் கூடியவர் பக்கம் தொகை குறைந்தது.

நம்மிடம் மீன்பிடிச் சட்டம் இல்லாமல் இல்லை. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. விசைப்படகு கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால்தான் மீன் பிடிக்க வேண்டும். பாக் நீரிணையில் திங்கள், புதன், சனி மட்டும் விசைப்படகுக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். எல்லாம் கடலுக்குள் போகிற படகைப் பற்றியவை. வாரத்தில் நாலு நாள் கட்டிக் கிடக்கிற படகைப் பற்றித்தான் என் கேள்வி. பெரிய துறைமுகத்தில் கப்பல் எங்கே நிற்க வேண்டும், எப்படி நங்கூரம் போட வேண்டும் என்று உத்தரவிட 1908ஆம் ஆண்டுத் துறைமுகச் சட்டமே அதிகாரியை வைத்திருந்தது. நம்ம ஊர்ப் படகுத்துறையில் அந்த வேலைக்கு ஆள் யார்?

மகள் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது மாப்பிள்ளை ஒரு சின்னக் கடற்கரை ஊருக்குக் கூட்டிப்போனார். மற்றவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள், நான் மிதவைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளை மிதவை, நடுவில் நீலப் பட்டை, அதில் எண். அடியில் காளான் வடிவ இரும்பு நங்கூரம் சேற்றில் புதைந்திருக்கும், அதிலிருந்து சங்கிலி, சங்கிலியின் மேல் முனையில் மிதவை. படகு வந்தால் தன் மிதவையில் கட்டிக்கொள்ளும், நங்கூரம் போடுகிற வேலையே இல்லை. அந்த இடங்களைப் பிரித்துக் கொடுப்பது அந்த ஊருக்கென்று இருக்கும் துறைமுக அதிகாரி. மாநிலச் சட்டமே அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. அனுமதி ஒரு வருஷத்துக்கு மட்டும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். இடம் இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியல், அதையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சங்கிலி தேய்ந்திருக்கிறதா என்று குறித்த காலத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லும் ஊர்கள் நிறைய.

அதை அப்படியே கொண்டுவந்து இங்கே நட முடியாது. அங்கே மிதவையில் கிடப்பதில் பாதிக்கு மேல் பொழுதுபோக்குப் படகு. நம்பர் வருகிற வரைக்கும் காத்திரு என்று அவர்களிடம் சொல்லலாம், சோற்றுக்குப் படகு ஓட்டுகிறவரிடம் சொல்ல முடியாது. ஆனால் எண், பட்டியல், சங்கிலிச் சோதனை மூன்றுக்கும் டாலர் தேவையில்லை.

முறை வைத்து இடம் பிரிப்பது நம்மவர்களுக்குப் புதிதும் அல்ல. பழவேற்காடு ஏரியில் மீனவர்கள் பாடு என்று முறை வைத்து, சீட்டுப் போட்டு மீன்பிடிக்கும் இடத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. மீனுக்கு அப்படிப் பிரிக்க முடிந்தால் படகு கட்டும் இடத்துக்கும் முடியும். காற்றடிக்கும் பக்கம் இந்த வருஷம் உனக்கு, அடுத்த வருஷம் எனக்கு.

நங்கூரம் போடுகிறவர்களுக்குத் தெரிந்த கணக்குதான்: தண்ணீர் ஆழத்தைப் போல 5 முதல் 7 மடங்கு கயிறு விட வேண்டும். அப்போதுதான் இழுப்பு தரையை ஒட்டி வரும், நங்கூரம் சேற்றைப் பிடிக்கும். நம் கரையில் படகு நெருக்கம். அவ்வளவு கயிறு விட்டால் காற்று திரும்பும்போது பக்கத்துப் படகோடு முட்டும். அதனால் எல்லாரும் கயிற்றைச் சுருக்குகிறார்கள், நங்கூரம் மேலாக்க இழுபட்டுப் பெயர்ந்து வருகிறது. நிலையான கான்கிரீட் கட்டை போட்டுச் சங்கிலி இணைத்தால் சுற்றும் வட்டம் சிறியது, அதே இடத்தில் கூடுதல் படகு கட்டலாம். ஆனால் கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் எடை குறையும். தரையில் 1,000 கிலோ இருந்தால் கடலுக்கடியில் 600 கிலோகூட நிற்காது. இதை யோசிக்காமல் கையில் கிடைத்த கல்லைக் கட்டி இறக்குகிறார்கள். ஒருமுறை ஒருவர் ஆட்டுக்கல் குழிக்குள் சங்கிலியைக் கோத்து சிமெண்ட் ஊற்றியிருந்ததைப் பார்த்தேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகாத ஆட்டுக்கல்லெல்லாம் கடலுக்குப் போகிறது போலிருக்கிறது.

கயிற்றிலும் ஒன்று சொல்ல வேண்டும். பாலிபுரோப்பிலின் மிதக்கும், மிதக்கிற கயிறு பக்கத்துப் படகின் எஞ்சின் விசிறியில் சுற்றும். நைலான் மூழ்கும், இழுத்தால் கொஞ்சம் நீளும், வெடுக்கென்று இழுபட்டால் தாங்கும். விலை கூடுதல்தான். அணியத்திலிருந்து சங்கிலி வரைக்குமான துண்டாவது நைலானாக இருக்கட்டும் என்று விதியில் எழுதினால் போதும், மொத்தமும் மாற்றச் சொல்லவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தபோது மல்லிப்பட்டினத்தில் துறைமுகத்துக்குள் கட்டிக் கிடந்த விசைப்படகுகள்தான் ஒன்றோடொன்று மோதி உடைந்து குவிந்தன. அந்தக் காற்றுக்கு எந்தக் கயிறும் நிற்காது என்பார்கள். எல்லாம் தப்பியிருக்கும் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் புயல் எச்சரிக்கை வந்தால் எந்தப் படகைக் கரையேற்றுவது, எதை இடைவெளி விட்டுத் தள்ளிக் கட்டுவது, எத்தனை கயிறு கூடப் போடுவது, டிராக்டருக்கு யார் சொல்வது என்று ஒரு தாள் எழுதி ஜெட்டிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் ஊர் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. உடைந்து மூழ்கிக் கிடக்கும் பழைய படகை எத்தனை நாளில் எடுக்க வேண்டும் என்பதும் அந்தத் தாளில் வர வேண்டும். நீர் ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாது, இரவில் வருகிற பைபர் படகின் அடியைக் கிழிக்கும்.

இன்னொன்று, இதை மீனவர்கள் விரும்பாமல் போகலாம், ஆனாலும் சொல்கிறேன். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022இல் அரசு அறிவித்துவிட்டது. கடற்பசு மேய்வது கடற்புல்லை. தரையில் கிடக்கும் சங்கிலி, படகு சுற்றச் சுற்ற வட்டமாக அந்தப் புல்லைச் சுரண்டிவிடும். நாளைக்கு வனத்துறை வந்து இங்கே நங்கூரம் போடாதே என்று சொல்வதற்கு முன்னால், புல் இல்லாத சேற்றுப் பகுதியாகப் பார்த்து நாமே கட்டும் இடத்தைக் குறித்துக்கொண்டால் சண்டை குறையும். எங்கே புல், எங்கே சேறு என்று அளந்து சொல்லத் தொண்டியிலேயே கடலியல் துறை இருக்கிறது, மாணவர்களும் இருக்கிறார்கள்.

யார் எழுதுவது என்றால், சென்னையில் உட்கார்ந்து எழுத வேண்டாம். ஊர்ப் பஞ்சாயத்தார், விசைப்படகு, நாட்டுப்படகு இரண்டு தரப்புச் சங்கங்கள், மீன்வளத்துறை அலுவலர், பேரூராட்சி, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் ஆகியோர் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஒரு வாரத்து வேலை. பராமரிப்புக்குப் பணம்? நகரத்தார் ஊர்களில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு என்று வரி கட்டித்தான் கோவில் காரியம் நடக்கிறது. படகு ஒன்று ஒரு புள்ளி என்று வைத்து, விசைப்படகுக்குக் கூடுதல், வல்லத்துக்குக் குறைவு என்று பிரித்தால் சங்கிலிக்கும் மிதவைக்கும் அரசாங்கத்தை எதிர்பார்க்க வேண்டியிருக்காது. கணக்கை மட்டும் மாதாமாதம் பலகையில் எழுதிப் போட வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டாம் வருஷமே யாரும் கொடுக்க மாட்டார்கள்.

தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, கடலும் அடங்கிக் கிடக்கும். கட்டை இறக்க, எண் போட அதைவிட நல்ல சமயம் வராது. இந்தக் கடிதத்தைப் படிக்கும் சங்கத் தலைவர்கள் யாராவது ஏப்ரலுக்கு முன் கூட்டம் போட்டால் கயிற்று மாதிரிகளோடு நானும் வருகிறேன். பழைய கட்டுக்கயிற்றைக் கடைக்குக் கொண்டுவந்தால் பிரித்துப் பார்த்துச் சொல்லக் காசு வாங்குவதில்லை.

இப்படிக்கு,
கயிறு, இரும்புச் சாமான் வியாபாரி,
தேவகோட்டை.