பார்க்கிங்ல நிக்கிற பழைய பத்மினி காருக்காக எங்க ஃப்ளாட் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

செகரட்டரி சார், ட்ரெஷரர் மேடம், கமிட்டில இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். லிஃப்ட் பக்கத்துல ஒட்டின நோட்டீஸ பாத்தேன், ஓடாத ஸ்கிராப் வண்டிய 15 நாள்ல எடுக்கலன்னா சங்கமே தூக்கிடும்னு. பேர் போடல, ஆனா இங்க ஓடாம நிக்கிறது என் வண்டி ஒண்ணுதான். மீட்டிங்ல வந்து இத பேச ஆரம்பிச்சா எனக்கு தொண்ட அடைச்சிடும், அதான் எழுதுறேன்.

மொதல்ல அது ஸ்கிராப் இல்லங்க. 1984 பிரீமியர் பத்மினி, என் மாமனார் வாங்கினது, ஸ்டீரிங் பக்கத்துலயே கியர் இருக்குமே அந்த மாடல், என் மனைவி கார் ஓட்ட கத்துக்கிட்டதே அதுலதான். 15 வருஷம் ஆன பெட்ரோல் கார் ஓடக்கூடாதுங்கறது டெல்லி பக்கத்து கத, நம்ம ஊர்ல ஆர்டிஓ கிட்ட வண்டிய காட்டி 5 வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிச்சுக்கலாம், 2024ல புதுப்பிச்சாச்சு, 2029 வரைக்கும் ஆர்சி இருக்கு. அதுக்கப்புறம் ஃப்ளோர் துருப்பிடிச்சு ஓட்ட விழுந்துச்சுன்னு பிரிச்சேன், நாலு வீல்லயும் ட்ரம் பிரேக், வீல் சிலிண்டர் எல்லாம் லீக்கு, பழைய ஸ்பேர் பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டைல கடகடயா ஏறி எறங்கி ரெண்டு கெடச்சுது. மீதிய தேடிட்டு இருந்தப்பதான் என் மனைவியோட பயாப்சி ரிசல்ட் வந்துச்சு. மார்பகப் புற்றுநோய்.

21 நாளைக்கு ஒருக்கா செவப்பு கலர்ல இருக்கிற கீமோ மருந்து, 4 தடவ. இப்ப வாராவாரம் பேக்லிடாக்செல்ங்கற இன்னொரு கீமோ மருந்து, 12ல 7 முடிஞ்சிருக்கு. ஊசி போட்ட அன்னைக்கும் அடுத்த ரெண்டு மூணு நாளும் நான் வண்டிகிட்டயே போறதில்ல, தாளிக்கிற வாசனையே அவளுக்கு கொமட்டும், இதுல பெட்ரோல் நாத்தத்தோட எப்படி பக்கத்துல உக்கார்றது. மருந்தால கிருமிய எதுக்குற வெள்ளணு கொறஞ்ச நேரத்துல ஜுரம் 100.4 வந்தாலே நடுராத்திரின்னாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும், அதனால கீழ வேல செஞ்சா குளிச்சு துணி மாத்தாம அவ ரூமுக்குள்ள போக மாட்டேன்.

"பொண்டாட்டி அப்படி கெடக்கறா, இவன் காரை நோண்டிட்டு இருக்கான்"னு படிக்கட்டுல பேசினது என் காதுல விழுந்துச்சு. ரொம்ப வலிச்சுதுங்க. அவ தூங்குற ரெண்டு மணி நேரம்தான் நான் கீழ வர்றது, மேல எல்லாமே அடுத்த பிளட் டெஸ்ட், அடுத்த ஸ்கேன்னு காத்துக்கிட்டே இருக்கறதுதான், கீழ ஒரு போல்ட் கழண்டா கழண்டதுதான், அந்த நிமிஷமே தெரிஞ்சிடும். தெம்பு இருக்கிற நாள்ல அவளும் மாஸ்க் போட்டுக்கிட்டு வந்து சேர்ல உக்காருவா, நட்டு போல்ட்டெல்லாம் சைஸ் பாத்து ஹார்லிக்ஸ் பாட்டில்ல பிரிச்சு வெச்சது அவதான். இப்ப இந்த மருந்தால வெரல் நுனியெல்லாம் மரத்துப் போச்சு, கையில எடுத்தா நழுவுது, அதனால கண்ணால பாத்து "அது 10, அது 11"னு சொல்லுவா, நான் எடுத்துப் போடுவேன்.

இன்னும் ஆபரேஷன் இருக்கு, ரேடியேஷன் இருக்கு. எனக்கு ஆறு மாசம் டைம் குடுங்க. ஒரு வாரத்துல நாலு வீலையும் மாட்டி யாருக்கும் எடைஞ்சல் இல்லாம மோட்டார் ரூம் பக்கம் தள்ளி வெச்சிடுறேன், கீழ ஆயில் ட்ரே வெக்கிறேன், டிங்கரிங் பெயின்ட் எதுவும் இங்க பண்ண மாட்டேன், அதெல்லாம் வெளிய ஷெட்டுலதான்.

என்ன முடிவு எடுத்தாலும் எனக்கு போன் பண்ணி சொல்லுங்க, மதியத்துல மட்டும் காலிங் பெல் அடிக்காதீங்க, அவ அப்பதான் கொஞ்சம் தூங்குறா.