வலியது மட்டும் வாழ்வதாயின் காடு எப்படி நிலைக்கும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வலிய இனம் மெலிய இனத்தை ஒழித்து இடம்பிடிப்பதே இயற்கையின் நியதி என்னும் கருத்து தங்கள் ஞாயிறு மலர்க் கட்டுரை ஒன்றில் இடம்பெற்றிருந்தது. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்திலுள்ள பாசோ காட்டில், 50 ஹெக்டேர் ஆய்வுப் பரப்பில் மட்டும் 800க்கும் மேற்பட்ட மர இனங்கள் உள்ளன. ஒரே வெயிலுக்கும் நீருக்கும் போட்டியிடும் இவற்றில் ஏதேனும் ஒன்று மற்றவற்றை விரட்டிவிடாதது ஏன் என்பதற்கு அக்கட்டுரையில் விடையில்லை.

ஓர் இனம் பிற இனங்களை நெருக்குவதைவிடத் தன் இனத்தையே அதிகமாக நெருக்குமானால், போட்டி இருந்தபடியே எல்லாம் நிலைக்கும் என்பது சூழலியலார் கண்ட உண்மை. இங்கே பினாங்கின் கொடிமலையில் மெராந்தி என்னும் காட்டு மரம் காய்த்து ஓய்ந்தபின் தாய்மரத்தடியில் குனிந்து பார்ப்பவர்களுக்கு இது விளங்கும்: சிறகு முளைத்த காய்கள் பல வண்டுப்புழு துளைத்துக் கிடக்கும், தப்பி முளைத்த கன்றுகளிலும் பல தண்டு கறுத்துச் சாய்ந்திருக்கும். அந்த இனத்தையே நம்பிப் பிழைக்கும் பூச்சியும் பூஞ்சையும் தாய்மரத்தைச் சுற்றியே பெருகுவதால், தள்ளி விழுந்த விதைக்கே வாய்ப்பு அதிகம். காலியாகும் இடத்தில் வேற்றினக் கன்று எழுகிறது. ஓர் இனம் பெருகப் பெருக அதன் பகையும் பெருகும். அருகினால் பகையும் தளரும். 1970, 1971ஆம் ஆண்டுகளில் சூழலியலாளர்கள் டேனியல் ஜான்செனும் ஜோசப் கானலும் தனித்தனியே முன்வைத்த விளக்கம் இது. இது ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை. பாசோவில் நெருங்கிய உறவுடைய மெராந்தி இனங்கள், மகரந்தம் சேர்க்கும் இலைப்பேன்களுக்காக மோதிக்கொள்ளாமல், ஒன்றன்பின் ஒன்றாகப் பூப்பதையும் நம் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

தோட்டத்தில் வளர்ந்த நமக்கு ரப்பர் மரத்தின் கதை இன்னும் நெருக்கமானது. அமேசான் காட்டில் அது ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் நிற்பதால், இலைக்கருகல் பூஞ்சை இருந்தும் அழியவில்லை. அதே அமேசானில் ஃபோர்டு நிறுவனம் 1928 முதல் நெருக்கி நட்ட தோட்டங்களை அந்தப் பூஞ்சை சீரழித்தது, 1945இல் நிறுவனம் அவற்றைக் கைவிட்டது. 1877இல் மலாயாவுக்குக் கன்றுகள் வந்தபோது அந்நோய் உடன் வராததால்தான், நம் பாட்டன்மார் பால்வெட்டிய நிரைகள் தழைத்தன.

ஆகவே, பினாங்கின் மலைச்சரிவுகளில் மறுநடவு செய்வோர் ஒரே இனக் கன்றுகளை நிரை பிடித்து நடாமல், அருகிலுள்ள இயற்கைக் காட்டிலிருந்து பல இன விதைகளைத் திரட்டி, ஓரினக் கன்றுகள் அடுத்தடுத்து வராதபடி கலந்து நட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு