ஹாம் அலைவரிசையில் பூட்டிய நெறிமுறைகள்: எஃப்சிசிக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் ஆணையர்களுக்கு வணக்கம்.

2023 நவம்பரில் நொடிக்கு 300 குறிகள் என்ற 300 பாட் வேக வரம்பை நீக்கி, எச்எஃப் (சிற்றலை) தரவுக்கு 2.8 கிலோஹெர்ட்ஸ் அகலம் என்று வைத்தீர்கள். பழைய வரம்பு போனது நல்லதே. ஆனால் 2019-ல் நீங்களே கருத்துக் கேட்ட ஆர்எம்-11831 மனுவின் கோரிக்கை அந்த உத்தரவில் இல்லை. ஹாம் (அமெச்சூர் வானொலி) அலைவரிசையில் போகும் தரவை மூன்றாம் ஆளும் படிக்க முடிய வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறோம்.

97.309(ஏ)(4) விதி, பொதுவில் ஆவணப்படுத்திய நுட்பத்தை அனுமதிக்கிறது. எந்த அளவுக்கு ஆவணம் என்று சொல்லவில்லை. பண்பேற்றத்தை (அலையில் தரவை ஏற்றும் விதத்தை) மேலோட்டமாக எழுதிவிட்டு மூலநிரலைப் பூட்டிவைத்தாலும் ஆவணம்தானா?

14.105 மெகாஹெர்ட்ஸில் இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அகலமான சிக்னல் வந்து அமுக்குகிறது. மென்பொருள் வழி இயங்கும் எஸ்டிஆர் ரேடியோவில் பதிவுசெய்யலாம். அனுப்பும் நிலையத்தின் அழைப்புக்குறிகூடக் கிடைக்கலாம். உள்ளே என்ன போகிறது? ஏஆர்க்யூ இணைப்பில் தவறிய தரவுப் பொட்டலம், இணைந்திருக்கும் நிலையம் கேட்டால்தான் மறுபடி வரும். நாம் தவறவிட்டால் போனதுதான். ரேடியோ வழி மின்னஞ்சல் சேவையான வின்லிங்கின் கடிதம் எல்இசட்ஹஃப் என்ற சுருக்க முறையில் சுருங்கி வருவதால், நடுவில் ஒரு பைட் விழுந்தாலும் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் குப்பை. விதியை மீறி வணிகக் கடிதம் போகிறது என்று சந்தேகம் வந்தாலும், எதைக் காட்டிப் புகார் எழுதுவது?

வின்லிங்க் தளத்தில் கடிதங்களைப் பார்க்கலாமே என்பார்கள். அது சேவை நடத்துபவரின் பதிவேடு. நேரடியாக நிலையத்துக்கு நிலையம் போவது அதில் ஏறாது. பேரிடரில் வின்லிங்க் உதவுவதை நாங்கள் மறுக்கவில்லை. அதற்குப் பூட்டு எதற்கு என்றுதான் கேட்கிறோம்.

எஃப்டி8 என்ற திறந்த தரவு முறையைப் பாருங்கள். 77 பிட் செய்தி, எல்டிபிசி (174,91) பிழைதிருத்தக் குறியீடு, 6.25 பாட், 15 விநாடிச் சுற்று. எல்லாம் வெளியில் இருக்கிறது. அதைப் படித்தே பலர் தனித்தனியாக, சிக்னலைப் பிரித்துப் படிக்கும் டிகோடர் எழுதியிருக்கிறார்கள்.

2015-ல் அலைவரிசையைக் கண்காணிக்கும் கள அலுவலகங்களைக் குறைத்தீர்கள். காவலை எங்களிடம் விட்டீர்கள், காதைப் பொத்தவும் விடுகிறீர்கள். பொருளை மறைக்கும் குறியீடு கூடாது என்ற 97.113 விதி, நோக்கத்தைப் பார்ப்பதால் இங்கே கை கொடுப்பதில்லை.

ஆகவே பணிவாகக் கேட்கிறோம்: யாரும் சொந்தமாக டிகோடர் எழுதப் போதுமான முழு விவரக்குறிப்பும், சரிபார்க்க மாதிரி ஒலிப்பதிவும், இணையாமலே கேட்கும் வசதியும் இருந்தால்தான் ஆவணம் என்று அந்த விதியைத் திருத்துங்கள். பூட்டிய நெறிமுறையில் இயங்கும் பழைய மோடம் வைத்திருப்பவர்களுக்கு ஓராண்டு அவகாசம் கொடுங்கள்.