பென்சில் வைத்துப் பார்ப்பது சுலபம்

தாராவி, மும்பை

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை.

ரிட்டயர் ஆனபின் என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாயே. சிரிக்காதே, பழைய வேலையைத்தான் சம்பளமில்லாமல் செய்கிறேன். தொண்ணூறடி ரோட்டுப் பக்கத்து அங்கன்வாடிகளில் சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கப் போகிறேன்.

கையில் இருப்பது ஒரே ஒரு தாள். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவாக்கிய அட்டவணை. மணிச் சத்தத்துக்குத் திரும்புவது, தனியே நடப்பது, பொம்மையின் கண் மூக்கைத் தொட்டுக் காட்டுவது என்று இரண்டு வயதுக்குள் 17 விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த மாதத்திலிருந்து எந்த மாதத்துக்குள் என்று ஒரு கோடு. பிள்ளையின் வயதில் பென்சிலை நெட்டாக வைத்தால், இடப்பக்கம் முடிந்துபோன கோடுகளில் எது பாக்கி என்று தெரிந்துவிடும். குறைமாதப் பிள்ளை என்றால் முந்திப் பிறந்த வாரங்களைக் கழித்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிஷ வேலை.

போன மாதம் ஒரு பையன். இரண்டு வயதாகப் போகிறது, நடையெல்லாம் ஜோர். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. பக்கத்து வீட்டு டிவியில் விளம்பரப் பாட்டு வந்ததும் ஓடினான். தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக் குடத்துக்கு இழுக்கிறான். விரல் நீட்டிக் காட்டுவதில்லை, அவள் முகத்தையும் பார்ப்பதில்லை. "அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்றாள் பாட்டி. வீட்டில் தமிழ், சந்தில் இந்தி, அங்கன்வாடியில் மராத்தி, அதனால்தான் குழம்பிவிட்டான் என்றார் சித்தப்பா. மூன்று மொழி கேட்பதால் பேச்சு வராமல் போகாது. இவனுக்கு ஒன்றிலும் ஒரு சொல்கூட இல்லையே! தாய் மட்டும் வாசல்வரை வந்து, "எனக்கு ரொம்ப நாளாவே தெரியும்க்கா, சொன்னா யாரு கேக்கா" என்றாள். என்னைக் கேட்டால், எந்தத் தாளையும்விடத் தாயின் கவலையைத்தான் முதலில் நம்புவேன்.

முதலில் காது பரிசோதனை. பாட்டுக்கு ஓடுகிறவனுக்குக்கூட மெல்லிய சத்தம் கேட்காமல் இருக்கலாம். அப்புறம்தான் மற்றதெல்லாம். 2013 முதல் அரசுத் திட்டம் இருக்கிறது. டாக்டர் குழு வருஷத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும், பிரச்சினை உள்ள பிள்ளைகளை ஆரம்பநிலைச் சிகிச்சை மையத்துக்கு அனுப்ப வேண்டும். காகிதத்தில் வழி சரியாகத்தான் போகிறது. ஆனால் அந்தப் பையனின் தாய் விடியுமுன் இட்லி அவித்துக் கொடுத்தால்தான் புருஷன் விற்கக் கூடையைத் தூக்க முடியும். ஒருநாள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய வியாபாரம் போச்சு. கேஸ் பேப்பர் என்கிற பதிவுச் சீட்டு எடுக்கும் இடத்தில் மராத்தி தெரியாமல் திரும்பி வந்தவர்களும் உண்டு. கூட ஓர் ஆள் போகாவிட்டால், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டு சாமி படத்துக்குப் பின்னால்தான் கிடக்கும். அனுப்ப இடமும் துணைக்கு ஆளும் இல்லாமல் தாளை மட்டும் தூக்கிக்கொண்டு போவதில் எனக்குச் சம்மதமில்லை. தாயைப் பயமுறுத்திவிட்டு வருவதுதான் மிச்சம்.

வருகிற செவ்வாய்க்கிழமை அவனுக்குக் காது டெஸ்ட். மாவரைக்கும் வேலையை எதிர்வீட்டுக்காரி ஏற்றுக்கொண்டாள், நான் கூடப் போகிறேன்.

உன் பேத்தி குறைமாதத்தில் பிறந்தவள்தானே, என்னென்ன செய்கிறாள் என்று விவரமாக எழுது. தம்பி வரும்போது உடன்குடிக் கருப்பட்டி கொடுத்துவிடு. இங்கே கிடைப்பதில் பாதி சீனிதான்.

அன்புடன்,
கஸ்தூரி