வன்னியில் எழுத நினைத்து நிறுத்தி வைத்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று வன்னியின் எந்த மூலையில் இருந்தாலும் சரி, "இணையத்தில் எனக்கென்று ஒரு பக்கம் தொடங்கி எழுத வேணும்" என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இந்த மடல் உங்களுக்குத்தான். தொடங்கி, இரண்டு மூன்று பதிவோடு கைவிட்டவர்களுக்கும்தான்.

உங்களில் பலர் அருமையாகக் கதை சொல்லக்கூடியவர்கள். பஸ்ஸுக்குள், கோயில் திருவிழாவில், வட்ஸ்அப் குரல் பதிவில் நீங்கள் சொல்வதைக் கேட்டால் நேரம் போவதே தெரியாது. அதையே எழுதச் சொன்னால் மட்டும் கை நின்றுவிடுகிறது. கேட்டால் காரணங்கள் வரிசையாக வருகின்றன: நேரமில்லை, கணினி இல்லை, தமிழ் பிழைக்கும், ஊர் சிரிக்கும், ஏன் வீண் பிரச்சினை, எழுத இங்கே என்னதான் இருக்கு. இவை எல்லாம் ஒரே தரத்துக் காரணங்கள் இல்லை. சில வெறும் சாட்டு. சில கூச்சம். ஒன்று மட்டும் உண்மையான பயம், அதற்கு மரியாதை கொடுத்தே ஆக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்திருப்பதால்தான் உங்களால் அசைய முடியவில்லை என்று நினைக்கிறேன். மூட்டையைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில், "எங்கட ஊரில எழுத என்ன இருக்கு?" என்பது. எனக்கு அதிகம் வலிக்கிற கேள்வி இதுதான்.

எழுத ஒன்றும் இல்லாத இடம் என்று வெளியாட்கள் வன்னியை ஒருபோதும் நினைத்ததில்லை. 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கையேடே வெளியிட்டார். வன்னி வரலாற்றைத் தேடுகிறவர்கள் இன்றைக்கும் அதைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. ஒட்டுசுட்டான் பக்கம் கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல்லில், 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி ஆங்கிலேயப் படையின் கப்டன் டிறிபேர்க், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று பொறித்தார்கள். அதுவும் ஆங்கிலத்தில், வென்றவர் பக்கம் நின்று. அன்றைக்கு அந்தக் காட்டுக்குள் வாழ்ந்த ஒரு சாதாரண மனிதர் என்ன பார்த்தார், எந்தப் பாதையால் ஓடினார், எங்கே ஒளிந்தார் என்று அவருடைய சொல்லில் நமக்கு ஒரு வரிகூடக் கிடையாது. நாம் எழுதாத இடத்தை வேறு யாரோ எழுதி நிரப்புகிறார்கள். இன்றும் அப்படித்தான் நடக்கிறது. கண்டி-யாழ்ப்பாணம் ஏ-9 வீதியால் ஒருநாள் பயணம் போகிறவர்கள் முறிகண்டியில் இறங்கி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் (நிலக்கடலை) வாங்கிக் கொறித்துவிட்டு வன்னியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்தக் கச்சானை விதைத்துப் பிடுங்கியவர், விடியப்புறத்தில் எழும்பி வறுத்தவர், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவை அதில் பார்த்தவர் எழுதவில்லை. அவருடைய மகள் நீங்களாக இருக்கலாம்.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கனகராயன் ஆறு கொண்டுவந்து சேர்க்கிற தண்ணீர், நீர்மட்டம் 36 அடி, வான்கதவு திறப்பு என்று மாரியில் செய்தி வரும். படமும் வரும். ஆனால் சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெற்செய்கைக்கு, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்துத் தீர்மானிக்கிற கூட்டத்தில் யார் எழும்பிக் கதைத்தார்கள், கடைசி வாய்க்கால்காரனுக்குத் தண்ணீர் எப்போது போய்ச் சேர்ந்தது, பங்கு கிடைக்காதவர் அந்த நான்கு மாதத்தையும் எப்படி ஓட்டினார் என்பது செய்தியில் வராது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியபோது இடம்பெயர்ந்தவர்களின் எண்ணிக்கை எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. இரவோடு இரவாக மாட்டை அவிழ்த்துவிட்டவர், நெல் மூட்டையைக் கட்டிலுக்கு மேல் தூக்கி வைத்தவர் உங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார். அவரிடம் போய் இருந்து கேட்க உங்களால்தான் முடியும்.

இன்னும் சொல்கிறேன். கோடையில் பாலைப்பழம் பொறுக்கக் காட்டுக்குள் போவது, உதட்டில் அந்தப் பால் ஒட்டிக்கொள்வது. மொட்டைக்கறுப்பன் அரிசிக் கஞ்சி. வைகாசியில் வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பதைப் பற்றி உங்கள் அம்மம்மா சொல்லும் கதை. முல்லைமோடிக் கூத்தை ஒரு அண்ணாவியார் சின்னப் பெடியங்களுக்கு எப்படிப் பழக்குகிறார் என்பது. நந்திக்கடலில் இறால் படுகிற காலம். இதில் ஒன்றைப் பற்றி உங்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். அந்த ஒன்றில் தொடங்குங்கள்.

ஒரு விசயத்தை இங்கே நேராகச் சொல்ல வேண்டும். வன்னி என்றாலே போர் முடிந்த 2009 மட்டும்தான் என்று வெளியில் பலர் நினைக்கிறார்கள். நம்மிடம் வந்து கேட்பதும் அதைத்தான். அதனால் எழுதினால் அந்த வலியைத்தான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் எழுதத் தகுதியில்லை என்று உங்களில் சிலர் நம்புகிறீர்கள். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. எழுத முடிந்தவர்கள் எழுதட்டும், அது பெரிய பணி. முடியாதவர்கள் விதைப்பைப் பற்றி எழுதட்டும், சமையலைப் பற்றி எழுதட்டும், கரப்பந்தாட்டப் போட்டியைப் பற்றி எழுதட்டும். உங்கள் துக்கத்தை யாருக்கும் நீங்கள் கடன்பட்டிருக்கவில்லை.

1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு சொல். "நாங்கள் இந்த ஊர் ஆக்கள் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ" என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கிறது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வயல்வெளிக்கு வந்த அந்த மாற்றத்தை உங்கள் அப்பாயியும் தாத்தாவும் எப்படித் தாங்கினார்கள் என்பது வன்னிக் கதைகளிலேயே மிகக் குறைவாக எழுதப்பட்ட கதை. அதை எழுத யாருடைய அனுமதியும் உங்களுக்குத் தேவையில்லை.

சரி, அடுத்தது தமிழ் பிழைக்கும் என்ற கூச்சம். ரகர றகரம் மாறும், ல ள ழ மாறும், ஒற்று விடுபடும். மாறட்டும். இணையப் பதிவு அச்சடித்து முடிந்த புத்தகம் இல்லை. நாளைக்குத் திருத்தலாம், அடுத்த வருடமும் திருத்தலாம். பதிவிடுவதற்கு முன் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். உங்கள் நாக்குத் தடுக்குகிற இடத்தில் வாசிப்பவருக்கும் தடுக்கும், அங்கே வசனத்தை உடையுங்கள். பள்ளிக்கூடக் கட்டுரைத் தமிழை மறந்துவிடுங்கள். "இயற்கை அன்னையின் மடியில்" என்று தொடங்குகிற பதிவை எவரும் இரண்டாம் பந்திக்கு மேல் வாசிக்க மாட்டார்கள். உங்கள் அப்பப்பா வயல் வரப்பில் நின்று பேசுகிற தமிழில் இருக்கிற உயிர் அதில் இல்லை.

கணினி இல்லை என்பது இப்போது சாட்டுத்தான். கையில் இருக்கிற போன் போதும். தட்டச்சு வராவிட்டால் கூகுள் விசைப்பலகையில் ஒலிவாங்கியை அழுத்திப் பேசுங்கள், அது தமிழில் எழுதித் தரும். மொழிப் பட்டியலில் "தமிழ் (இலங்கை)" என்றே ஒரு தெரிவு இருக்கிறது. பிழை வரும், ஆனால் பிழை திருத்துவது வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட எவ்வளவோ இலகு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே இணையத்தில் போடாதீர்கள். அதைத் தேடுபொறி தமிழ் என்று அறியாது, யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள்.

ஊர் சிரிக்கும் என்ற பயம் எனக்கு விளங்குகிறது. முக்கியமாகத் தங்கச்சிமாருக்கு. "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை" என்று ஒரு சித்தப்பா கேட்பார். படத்தைப் போட்டால் அதன் கீழே கண்டவனும் வந்து எழுதுவான். படத்தைப் போடாதீர்கள். சொந்தப் பெயரும் கட்டாயமில்லை. புனைபெயர் நம்மிடையே பழைய வழக்கம். முள்ளியவளையின் வே. சுப்பிரமணியத்தை இலக்கிய உலகம் முல்லைமணி என்றுதானே அறியும்? பெயரை மறைத்தால் எழுத்து சின்னதாகிவிடாது. கருத்துப் பெட்டியை மூடி வைக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. சிரிக்கிறவர்களைப் பற்றி ஒன்று சொல்லலாம்: முதல் பதிவுக்குச் சிரிப்பார்கள், பிறகு "எங்கட குளத்தைப் பற்றியும் எழுதன்" என்று அவர்களே வந்து கேட்பார்கள். எல்லாரும் அல்ல, ஆனால் பலர்.

இனி, மரியாதை கொடுக்க வேண்டிய பயம். மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் ஒரு கவிதைத் தொகுப்புக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. குற்றமற்றவர் என்று ஆவதற்கு மூன்றரை வருடம். 2024இல், இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. இதெல்லாம் தெரிந்துகொண்டு "பயப்படாதே, எழுது" என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வராது. அப்படிச் சொல்கிறவர்கள் தூர இடத்தில் பத்திரமாக இருந்து சொல்கிறார்கள். காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், இராணுவம் என்று எழுதப் போகிறவர் வீட்டாரோடு பேசிவிட்டு, விசயம் தெரிந்த மூத்த ஊடகவியலாளர் அல்லது சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிவிட்டு எழுதட்டும். கண்டதைக் கண்டது என்றும் கேட்டதைக் கேட்டது என்றும் பிரித்து எழுதட்டும். ஒரு தாயின் கதையை அவரிடம் கேட்காமல் எழுத வேண்டாம். வாசித்துக் காட்டி, அவர் எடுக்கச் சொன்னதை எடுத்துவிடுங்கள். சிறுபிள்ளைகளின் படம், வீடு இருக்கும் இடம் போன்ற விவரம் எதுவும் வேண்டாம். அந்த எல்லைக்குள் நிற்பது கோழைத்தனம் இல்லை.

ஆனால் இந்தப் பயத்தை மற்ற எல்லாவற்றின் மேலும் போர்த்தாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பாலைப்பழத்தைப் பற்றி எழுதாததற்கு எந்தச் சட்டமும் காரணம் இல்லை.

"முகநூலில் எழுதுகிறேனே, அது போதாதா?" என்று சிலர் கேட்கிறீர்கள். போதாது. மூன்று நாளில் அது அடியில் போய்விடும். இரண்டு வருடம் கழித்து ஒருவர் வவுனிக்குளம் பற்றித் தேடினால் உங்கள் பதிவு அவர் கையில் அகப்படாது. உங்களுக்கென்று ஒரு பக்கத்தில், திகதியோடு, தெளிவான தலைப்போடு போட்டால் அகப்படும். "என் இனிய நினைவுகள்" என்று தலைப்பு வைக்காதீர்கள், அப்படி யாரும் தேடுவதில்லை. "முத்தையன்கட்டில் கச்சான் பயிர்: விதைப்பிலிருந்து சந்தை வரை" என்று வையுங்கள். முகநூலில் அதன் இணைப்பைப் போட்டுக்கொள்ளலாம். எழுதியதன் பிரதி ஒன்றை உங்கள் மின்னஞ்சலிலும் வைத்திருங்கள். 2009இல் ஜியோசிட்டிஸ் என்ற இணையப்பக்கச் சேவை மூடப்பட்டது, 2019இல் கூகுள் பிளஸ் மூடப்பட்டது, அங்கே எழுதி வைத்துப் பிரதி எடுக்காதவர்களில் பலர் எழுதியதை இழந்தார்கள். இடம்பெயர்வில் சான்றிதழையும் குடும்பப் படத்தையும் தொலைத்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாசிக்க ஆளில்லை என்று மூன்றாம் பதிவிலேயே சோர்ந்துவிடாதீர்கள். முதல் வருடம் பார்வை எண்ணிக்கையைப் பார்க்காமலே இருப்பது நல்லது. ஒரே விசயத்தைச் சுற்றித் தொடர்ந்து எழுதினால்தான் வாசகர் நிலைப்பார். குளம் என்றால் குளம், சமையல் என்றால் சமையல். மாதம் ஒன்று போதும், ஆனால் அது தவறக்கூடாது. ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கிற ஒருவர் தன் தாயின் ஊர்ப்பெயரைத் தேடி ஒருநாள் உங்கள் பக்கத்துக்கு வருவார். "அந்த வைரவர் கோயில் இன்னும் இருக்கா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியிலிருந்து அடுத்த மூன்று பதிவுக்கு விசயம் கிடைக்கும். வாசிப்பு குறைவு என்றால் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இருக்கிறது. ஈழத்துப் பழைய சஞ்சிகைகளும் பாடசாலை, கோயில் மலர்களும் ஆயிரக்கணக்கில் அங்கே இலவசமாகக் கிடக்கின்றன. உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். என்ன எழுதப்படவில்லை என்பது அங்கேதான் தெரியவரும்.

நேரமில்லை என்பதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. மாரிகால நெற்செய்கையான காலபோகத்தின் விதைப்பிலும் அறுவடையிலும் உண்மையாகவே நேரம் இருக்காது, அந்த மாதங்களில் போனில் குறிப்பு மட்டும் எடுத்து வையுங்கள். மற்ற மாதங்களில் நேரம் இருக்கிறது, அது உங்களுக்கே தெரியும்.

இந்த மடலை வாசிக்கிற ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை எழுதிக் கொண்டுவந்தால் சிவப்புப் பேனையை எடுப்பதற்கு முன் "பிறகு என்ன நடந்தது?" என்று ஒருமுறை கேளுங்கள்.

தம்பி, தங்கச்சி, இந்தக் காலபோகத்துக்கு உங்கள் ஊர்க் குளம் எந்தத் திகதி வான் பாய்ந்தது, அன்றைக்கு வயலில் யார் யார் நின்றார்கள், என்ன கதைத்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதிப் போடுங்கள். இந்த மடலுக்குக் கீழே இணைப்பைத் தாருங்கள். கடைசி வரி வரைக்கும் நான் வாசிப்பேன். எழுத்துப் பிழையைப் பற்றி நீங்கள் கேட்டால் மட்டும் சொல்வேன்.

அன்புடன்,
உங்களை வாசிக்கக் காத்திருக்கும் வன்னி வாசகி ஒருத்தி