முதலில் சோற்றைக் குறை, அப்புறம் நேரத்தைக் குறை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நிதானமாகப் படித்தேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1, ரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 240, ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, முதல் நிலை. எச்பிஏ1சி 5.7க்கும் 6.4க்கும் நடுவில் இருந்தால் இன்னும் சர்க்கரை நோய் வரவில்லை, ஆனால் அதற்கு முந்தைய கட்டம். இந்தக் கட்டத்தில் சாப்பாட்டை மாற்றியே பழைய அளவுக்குத் திரும்பியவர்கள் நிறைய பேர் உண்டு, அதனால் நீ உடனே இறங்கியதில் எனக்கு சந்தோஷம்தான். காலையில் ஒன்றும் தொடாமல் மதியம் ஒரு மணிக்கு ஆரம்பித்து ராத்திரி ஒன்பதுக்குள் முடிக்கிறாய், சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டாய் என்று அம்மா சொன்னாள். இவ்வளவுதான் என்றால் போனிலேயே பேசியிருப்பேன். ஆனால் "நீயும் இப்படி இரும்மா, மாத்திரையே தேவைப்படாது" என்று அவளிடம் சொல்லியிருக்கிறாய், அவளும் மறுநாளே காலை டிபன் வேண்டாம் என்று விட்டுவிட்டாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பத்தரை மணி இருக்கும், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு ஒரு மாதிரி பார்த்தாள். விரல் நடுங்குகிறது, நெற்றியெல்லாம் வியர்வை, ரவிக்கை முதுகில் நனைந்திருக்கிறது, கேட்டால் பதில் குழறுகிறது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தேன், 90ஐத் தாண்டியிருந்தது. அப்புறம் இட்லி கொடுத்தேன். இப்போது நன்றாக இருக்கிறாள், நீ பதற வேண்டாம்.

ஏன் அப்படி ஆனது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அம்மா சர்க்கரை நோய்க்குச் சாப்பிடுவது மெட்ஃபார்மின் மட்டும் இல்லை, காலையில் கிளிமிபிரைடும் உண்டு. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை இவ்வளவு கீழே தள்ளுவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படி இல்லை, வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று பார்க்காது, கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். நான் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருந்த காலத்தில், ரம்ஜான் நெருங்கினால் சர்க்கரை உள்ளவர்கள் நோன்பு தொடங்கும் முன்பே டாக்டரைப் பார்த்து, மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்றி எழுதி வாங்கி வருவார்கள். உண்ணாமல் இருப்பதற்கு முன் மாத்திரையைச் சரி செய்ய வேண்டும், அதுதான் வரிசை.

உன் மாமனார் டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறார் அல்லவா, அவரிடமும் நீ இதைச் சொல்லியிருந்தால் இன்றே போன் பண்ணிப் பட்டினியை நிறுத்தச் சொல். அந்த வகை மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். அதோடு மாவுச்சத்தையும் குறைத்து, பட்டினியும் கிடந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம். மீட்டரில் சர்க்கரை பெரிதாகக் கூடாமலே இது நடக்கும் என்பதுதான் பயம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என்று வந்தால் மீட்டரைப் பார்த்துச் சமாதானம் ஆகாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, இப்போது உன் விஷயம். நீ மாத்திரை எதுவும் எடுக்கவில்லை, மாவுச்சத்தைக் குறைப்பது, சாப்பிடும் நேரத்தைக் குறைப்பது, உனக்கு இந்த இரண்டும் ஒத்துப்போகும். ஒன்றுக்கொன்று துணையும் கூட. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தாழ்ந்தே இருக்கும், சாப்பிடாத நேரத்திலும் அப்படித்தான். கல்லீரலில் சேமிப்பாக இருக்கும் குளுக்கோஸ் சுமார் 100 கிராம்தான், அது கரையக் கரைய உடம்பு கொழுப்பை எடுக்க ஆரம்பிக்கும். ராத்திரி நாலு தோசை சாப்பிட்டுவிட்டு மறுநாள் மதியம் வரை கிடந்தால் பத்து மணிக்கே கை கால் பறக்கும், ராத்திரி மீனும் கீரையும் சாப்பிட்டிருந்தால் அந்தப் பசி தாங்கக்கூடியதாக இருக்கும். அதனால்தான் சோற்றை முதலில் குறை, நேரத்தை அப்புறம் குறை என்கிறேன். இரண்டையும் ஒரே நாளில் பிடித்தவர்கள் பத்து நாளில் பரோட்டாக் கடையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் வாரம் இரண்டு கிலோ போனது என்று சொன்னாயாம். அதில் பெரும்பங்கு தண்ணீர். சேமித்த குளுக்கோஸ் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அது கரையும்போது தண்ணீரும் போகும். மூன்றாவது வாரத்தில் எடை அசையாமல் நிற்கும், அப்போது மனசு விட்டுவிடாதே. உப்பும் சேர்ந்து வெளியேறுவதால் தலைவலி, கிறுகிறுப்பு வரும், சாப்பாட்டு நேரத்தில் உப்புப் போட்ட மோர் குடி.

கடிகாரத்தை மட்டும் நம்பாதே. சீனாவில் குவாங்சோவில் உடல்பருமன் உள்ள 139 பேரை வைத்து ஒரு ஆய்வு நடத்தி 2022இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி குறைந்த கலோரி, ஒரு பாதிப் பேர் மட்டும் காலை 8 முதல் மாலை 4க்குள் சாப்பிட வேண்டும். ஒரு வருஷம் கழித்து அவர்கள் சராசரியாக 8 கிலோ குறைந்தார்கள், மற்றவர்கள் 6.3 கிலோ. புள்ளிவிவரப்படி அது பெரிய வித்தியாசம் இல்லை. ராத்திரி பத்து மணி மிக்சரும் பிஸ்கட்டும் நிற்கிறதே, நேரக் கட்டுப்பாட்டின் பெரிய லாபம் அதுதான். உடம்பின் செல்கள் தங்கள் பழைய பாகங்களைத் தாங்களே தின்று புதுப்பிக்கும் ஆட்டோஃபேஜிக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள் என்று நீ சொல்வாய். 2016இல் கொடுத்தார்கள், உண்மை. பரிசு வாங்கிய ஜப்பான் விஞ்ஞானி ஓசுமி அது நடக்கும் விதத்தை ஈஸ்ட்டில் கண்டறிந்தார், 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் மனுஷ உடம்பு கழுவி விட்டதுபோல் ஆகிவிடும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

நம் தட்டுதான் பிரச்சினை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வில் இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் வீட்டையே பார், குழம்புக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு, ராத்திரி தோசை. ஒரு கப் சோற்றில் கிட்டத்தட்ட 45 கிராம் மாவுச்சத்து. ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே வந்தாலே குறைமாவு உணவு என்பார்கள், 50க்குக் கீழே போகிற கீட்டோ உனக்குத் தேவையில்லை. நூறு வாக்கில் வைத்துக்கொள். மதியம் அரை கப் சோறு, மிச்ச இடம் முழுக்க அவரைக்காய், புடலங்காய், வாழைத்தண்டு, கீரை, கூடவே மீனோ முட்டையோ பனீரோ. தினையும் சாமையும் நல்லதுதான், நார்ச்சத்து கூடுதல், ஆனால் அவையும் நூறு கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான், அளவு பார்க்காமல் அள்ளாதே. கருப்பட்டியும் சர்க்கரைதான். ஆச்சி சஷ்டிக்குச் சோறு தொடாமல் ஒருபொழுது இருந்துவிட்டு ராத்திரி பலகாரம் என்று ரவை உப்புமா சாப்பிடுவாளே, அந்தக் கணக்கு இங்கே உதவாது.

புரதத்தை விட்டுவிடாதே, உன் எடைக்கு தினம் 65 கிராமாவது வேண்டும், ஒரு முட்டையில் ஆறுதான். இரண்டே வேளையில் அதை நிரப்புவது சுலபம் இல்லை, நிரப்பாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். வாரத்தில் சில நாள் எடை தூக்கு.

நேரத்துக்கு என் யோசனை, மூன்று வாரம் தட்டை மட்டும் மாற்று, அப்புறம் ராத்திரிக்கும் காலைக்கும் நடுவில் 12 மணி நேரம், பழகியதும் 14. பதினாறு கட்டாயம் இல்லை. முடிந்தால் காலை ஒன்பதில் தொடங்கி ஏழுக்குள் முடி, இன்சுலின் காலையில் நன்றாக வேலை செய்யும், ராத்திரி மந்தமாகிவிடும். ஒன்பது மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுப்பதில் பாதி லாபம் போய்விடும். ஃபில்டர் காபியை முதல் சாப்பாட்டோடு வைத்துக்கொள், பாலும் சர்க்கரையும் போட்டால் அதுவும் சாப்பாடுதான்.

அம்மா எழுதச் சொன்னது ஒன்று. மாதவிலக்கு தள்ளிப்போனாலோ முடி கொட்டினாலோ நேரத்தைத் தளர்த்திவிடு, குழந்தைக்கு முயற்சி செய்கிறதாக இருந்தால் பட்டினியே வேண்டாம்.

வியாழக்கிழமை அவளை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். கிளிமிபிரைடைக் குறைக்க முடியுமா என்று கேட்டுவிட்டுத்தான் அவள் சோற்றைக் குறைப்போம், அதுவரை எட்டு மணிக்கு டிபன். நீ போனில் பேசினால் மாத்திரையைப் பற்றி ஒன்றும் சொல்லாதே, சாப்பிட்டாயா என்று மட்டும் கேள்.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி எடு, அதற்கு முன்னால் எடுத்தால் மாற்றம் முழுசாகத் தெரியாது. கூடவே கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்லும் பார், மாவைக் குறைத்து நெய்யும் ஆட்டுக்கொழுப்பும் ஏற்றினால் சிலருக்கு அது எகிறும். ரிப்போர்ட்டை முழுப் பக்கமும் தெரிகிற மாதிரி அனுப்பு, இந்தத் தடவை சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் வரி வெட்டுப்பட்டிருந்தது.

அப்பா
பாளையங்கோட்டை